தலைப்பாகையோடு போகாதது

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று ஒரு பழமொழி. விபத்தில் பிழைத்தவர்களைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் சாத்துக்குடியோடு இதையும் கட்டிலருகே வைத்துவிட்டுப் போகிறார்கள். தலைப்பாகை கட்டும் வழக்கம் போய் இரண்டு தலைமுறையாகிறது. பழமொழி மட்டும் தங்கிவிட்டது. இதன் தர்க்கம் எளியது. இரண்டே சாத்தியங்கள். தலை போகும், அல்லது தலைப்பாகை போகும். தலை இருந்த இடத்திலேயே இருந்து, தலைப்பாகையும் கலையாமலிருந்து, இரண்டுக்கும் நடுவே வேறொன்று போய்விடக்கூடும் என்பது பழமொழியின் கற்பனைக்குள் வரவில்லை. நான் எழுத வந்தது இந்த மூன்றாவது சாத்தியத்தைப் பற்றி.

என் அக்கா பையன் 1998ஆம் வருஷக் கோடை விடுமுறையில், ஏழு வயதில், குரோம்பேட்டையில் ஒரு மொட்டை மாடியிலிருந்து கீழே விழுந்தான். இதைச் சம்பவமாக விஸ்தரிக்க எனக்கு விருப்பமில்லை. விஸ்தரிக்க அதிகம் இல்லை என்பதும் ஒரு காரணம். பட்டம் விட்டுக்கொண்டிருந்தான், நூலை இழுத்தபடி பின்னால் நகர்ந்தான், அங்கே சுவர் இல்லை. சுவர் ஏன் இல்லை என்பதுதான் சொல்லத் தகுந்த விஷயம்.

குரோம்பேட்டை என்ற பெயரே ஒரு தொழிற்சாலை கொடுத்தது. குரோம் உப்பு கொண்டு தோல் பதனிட்ட குரோம் லெதர் கம்பெனி அங்கே இருந்தது. ஊர் அதன் பெயரை வைத்துக்கொண்டது. 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்ரயில் ஓடத் தொடங்கிற்று. 1949இல் எம்.ஐ.டி. வந்தது. பிறகு வந்தவர்கள் ரயிலில் ஏறி வேலைக்குப் போகிறவர்கள்: குமாஸ்தாக்கள், ஆசிரியர்கள், ரயில்வேக்காரர்கள், வங்கி ஊழியர்கள். இவர்கள் வீட்டைத் தவணையில் கட்டினார்கள். பிராவிடண்ட் ஃபண்டில் கடன் வாங்கிக் கீழ்த்தளம். பெண் கல்யாணம் முடிந்தபின், உடம்பில் தெம்பு இருந்தால், மேல்தளம். கீழ்த்தளம் முடிந்ததும் தூண் கம்பிகளை வெட்டாமல் ஆகாயத்தைப் பார்த்து விட்டுவைப்பார்கள். மாடிக்குக் கைப்பிடிச் சுவர் எடுக்க மாட்டார்கள். மேலே கட்டும்போது எப்படியும் இடிக்கத்தானே வேண்டும் என்ற சிக்கனம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ரயிலிலிருந்து பார்த்தால் பல்லாவரத்திலிருந்து தாம்பரம் வரை இந்தத் துருப்பிடித்த கம்பிகள் தெரியும். ஒரு வர்க்கத்தின் எதிர்காலம் பற்றிய நம்பிக்கை என்று அவற்றைச் சொல்லலாம். நம்பிக்கையின் ஓரத்தில் சுவர் இல்லை.

நம் புதுக்கவிதைக்கும் மொட்டை மாடி முக்கியமான ஸ்தலம். நிலா, தனிமை, துணி உலரும் கொடி எல்லாம் அங்கே இருக்கின்றன. கைப்பிடிச் சுவர் இருந்ததா என்ற தகவல் நான் படித்த கவிதைகளில் இல்லை.

பதினொரு நாள் நினைவில்லாமல் கிடந்தான். கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையில் முதல் நாள் 6 என்று எழுதியிருந்தது. அது என்ன ஆறு என்று அத்தான் ஒரு பயிற்சி டாக்டரிடம் கேட்டார். 1974இல் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர்களான டீஸ்டேலும் ஜெனட்டும் வகுத்த அளவுகோல் அது. கண் திறப்பதற்கு அதிகபட்சம் 4, பேச்சுக்கு 5, உடல் அசைவுக்கு 6. எல்லாம் சரியாக இருப்பவருக்கு 15. எதற்கும் பதில் தராதவருக்கும் ஒவ்வொன்றிலும் ஒன்று கொடுத்து 3. கல்லுக்கும் மூன்று மதிப்பெண் தருகிற இந்தத் தாராளம் எனக்கு வினோதமாகப் பட்டது. மொழிக்கு ஐந்து என்பதையும் கவனித்தேன். கேள்வி கேட்டால் தான் யார், எங்கே இருக்கிறேன், இது எந்த மாதம் என்று சொல்லிவிட்டால் முழு ஐந்தும் கிடைத்துவிடும். பேச்சின் உச்சம் அது என்று மருத்துவம் நினைக்கிறது. அந்த நாட்களில் நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். பன்னிரண்டாம் நாள் அவன் அக்காவைப் பார்த்து, "அம்மா, தண்ணி" என்றான். மூன்று வாரம் கழித்து, இது மே மாதம் என்றான். 15க்கு 15. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இதில் ஆஸ்பத்திரியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சரித்திரத்தைப் பார்த்தால் நன்றியே சொல்ல வேண்டும். 1949இல் வேலூரில் ஜேக்கப் சாண்டியும், 1950இல் சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தியும் மூளை அறுவை சிகிச்சைப் பிரிவுகளைத் தொடங்கும்வரை, இந்தப் பக்கத்தில் இப்படி அடிபட்ட பிள்ளைகளில் மிகப் பலர் செத்துத்தான் போயிருப்பார்கள். 1971இல் லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் தலை ஸ்கேன் செய்யப்பட்டது. மண்டையைத் திறக்காமலே உள்ளே ரத்தம் எங்கே கட்டியிருக்கிறது என்று பார்க்க முடிந்தபிறகு பிழைக்கிறவர்கள் அதிகமானார்கள். அதாவது, மருத்துவம் ஒரு புதிய மனித வகையை உண்டாக்கியிருக்கிறது: முந்தைய தலைமுறையில் இறந்திருக்கக்கூடியவர்கள். மொழி இவர்களை எதிர்பார்க்கவில்லை. இவர்களைக் குறிக்கத் தமிழில் ஒரு சொல் இல்லாததற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும். பைத்தியம் என்ற சொல் இருக்கிறது, மந்தம் இருக்கிறது, கிறுக்கு இருக்கிறது, மறை கழன்றவன் இருக்கிறது. எதுவும் அவனுக்குப் பொருந்தவில்லை. பொருந்தவில்லை என்பதற்காக ஊரார் இவற்றைப் பிரயோகிக்காமல் இருந்ததுமில்லை.

தலையெழுத்து என்ற சொல்லும் இருக்கிறது. மண்டையோட்டில் எலும்புகள் பொருந்தும் இடத்தில் நெளிநெளியாகக் கோடுகள் ஓடும். பிரம்மா எழுதியது என்று அவற்றைக் காட்டுவார்கள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அந்த ஐந்து வாரங்களில் இந்தச் சொல்லை நான் கேட்காத நாளில்லை. அத்தான் ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அதில் ஏதோ எழுதியிருப்பதுபோலப் படிக்க முயன்றுகொண்டிருப்பார். படம் ஏறக்குறைய சுத்தமாக இருந்தது. நெற்றிப் பக்கம் சிறிய ரத்தக்கசிவு, அவ்வளவுதான். படம் பொய் சொல்லவில்லை. அதற்குத் தெரிந்ததைச் சொல்லிற்று. மூளை கட்டித்தயிர் மாதிரி மெத்தென்ற வஸ்து. தலை சட்டென்று நிற்கும்போது மூளை உடனே நிற்பதில்லை. உள்ளே அது இழுபடும்போது ஒரு பகுதியை இன்னொன்றோடு இணைக்கிற நுண்ணிய இழைகள் நீண்டு அறுந்துபோகின்றன. இந்த அறுபடல் சாதாரண ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது. கண்குழிகளுக்கு மேலே இருக்கும் எலும்புத்தளம் கரடுமுரடானது. முன்மூளையின் அடிப்பகுதி அதன்மேல் உராய்ந்து சிராய்கிறது. எதைத் திட்டமிடுவது, எதை அடக்குவது, எதை எப்போது தொடங்குவது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதெல்லாம் இந்தப் பகுதியின் காரியங்கள்.

வீட்டுக்கு வந்தவன் நடந்தான், ஓடினான், சிரித்தான். தழும்பை முடி மறைத்துவிட்டது. தலைப்பாகைப் பழமொழி தெருவில் ஒரு சுற்று வந்தது. அதோடு இன்னொரு வாக்கியமும்: "சின்னப் பையன்தானே, சரியாயிடும்." இது நம் ஜனங்களின் வெறும் ஆறுதல் என்று ஒதுக்க முடியாது. விஞ்ஞானமும் வெகுகாலம் இதையே நம்பிற்று. 1930களில் அமெரிக்காவில் மார்கரெட் கென்னார்ட் என்ற பெண்மணி குரங்குகளின் மூளையில் அசைவுக்கான பகுதியில் காயம் உண்டாக்கிப் பார்த்தார். வளர்ந்த குரங்குகளைவிடக் குட்டிகள் நன்றாகத் தேறின. இதைப் பிறகு வந்தவர்கள் அவர் சொன்னதைவிடப் பெரிதாக்கி, இள மூளை எந்தச் சேதத்தையும் தாங்கிக்கொள்ளும் என்று ஒரு விதியாகவே ஆக்கி அவர் பெயரையும் அதற்குச் சூட்டினார்கள். அடிபட்ட குழந்தைகளை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தபோதுதான் விஷயம் வேறாக இருந்தது. மூளை முழுவதும் பரவிய பலத்த அடியாக இருந்தால், எவ்வளவு சிறிய வயதோ அவ்வளவு மோசம். வளர்ந்தவனுக்குக் கற்றது நஷ்டம். குழந்தைக்குக் கற்கும் கருவியே நஷ்டம்.

ஏழு வயதில் அவனுக்குப் பத்தாம் வாய்ப்பாடு வரை தெரியும். விழுந்தபிறகும் தெரிந்தது, இன்றைக்கும் தெரியும். நடுராத்திரியில் எழுப்பி ஏழெட்டு என்ன என்றால் ஐம்பத்தாறு என்பான். பதினோராம் வாய்ப்பாடு மட்டும் வரவே இல்லை. அக்கா ஒரு மழைக்காலம் முழுதும் சொல்லிக்கொடுத்தாள். காலையில் ஒப்பிப்பான், சாயங்காலம் அது இருந்த இடம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். பள்ளிக்கூடத்தில் இதற்கு வேறு பெயர். முதல் வருஷம் 'கவனமில்லை' என்று ரிப்போர்ட்டில் எழுதினார்கள். இரண்டாம் வருஷம் 'சோம்பல்'. ஆறாம் வகுப்பில் 'திமிர்'. ஒரே விஷயம்தான், அவன் உயரத்தோடு சேர்ந்து அதன் பெயரும் வளர்ந்தது. மத்தியானத்துக்குமேல் அவனால் உட்கார முடியாது, களைத்துவிடுவான். அந்தக் களைப்பு உடம்பில் தெரியாது. கொட்டாவி விடமாட்டான். பெஞ்சைத் தள்ளுவான்.

மூக்கு போய்விட்டது என்பது எங்களுக்குத் தெரியவே இரண்டு வருஷமாயிற்று. வாசனையறியும் நரம்புகள் மூக்குக்கு மேலேயுள்ள சல்லடை போன்ற மெல்லிய எலும்பின் துளைகள் வழியே மூளைக்குப் போகின்றன. மூளை நகரும்போது அவை அறுந்துவிடலாம். அந்தக் காலத்தில் பல்லாவரம் தாண்டியதும் ரயில் பெட்டியில் எல்லோர் கையும் மூக்குக்குப் போகும். நாகல்கேணிப் பக்கத்துத் தோல் பதனிடும் சாலைகளின் வாடை. ஒரு நாள் அவனை மாம்பலத்துக்குக் கூட்டிப்போய்த் திரும்பும்போது பார்த்தேன். பெட்டி முழுதும் முகத்தைச் சுளித்திருக்க, அவன் மட்டும் ஜன்னலோரம் நிம்மதியாக முறுக்கு தின்றுகொண்டிருந்தான். ஊருக்குப் பெயர் கொடுத்த தொழிலின் நாற்றம் அந்த ஊரில் அவன் ஒருவனுக்கு இல்லை. டாக்டரிடம் சொன்னபோது, "ஆமாம், அப்படி ஆகும்" என்றார். அன்றிலிருந்து அவன் தனியாக இருக்கும்போது அக்கா சிலிண்டரை மூடிவிட்டுத்தான் வெளியே போகிறாள்.

பதினான்கு வயதில்தான் பெரிய சேதம் தெரியத் தொடங்கிற்று. இதைப் புரிந்துகொள்வது கடினம். விழுந்தது 1998இல், அதன் பலன் 2005இல் வந்தது. முன்மூளை முற்றுவதற்கு இருபத்தைந்து வயதுவரை ஆகிறது. ஏழு வயதுப் பையனிடம் யாரும் நிதானத்தை எதிர்பார்ப்பதில்லை. அவனிடம் அது இல்லை என்பதும் அதனால் தெரிவதில்லை. பதினான்கில் எதிர்பார்க்கிறார்கள், பதினெட்டில் இன்னும் அதிகமாக. ஒவ்வொரு எதிர்பார்ப்பு வரும்போதும் ஒரு புதிய குறை பிறக்கிறது. உவமை சொல்லாமல் இதை விளக்க முடியவில்லை. கொத்தனாரின் உவமை என்பதால் மன்னிக்கலாம். மேல்தளத்துக்கென்று விட்டுவைத்த கம்பிகள் ஆரம்பத்திலேயே வளைந்துபோயிருந்தால், கீழ்த்தளத்தில் குடியிருக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. மேலே கட்டப் போகும்போதுதான் தெரியும்.

தாத்தா செத்த வீட்டில், கூடத்தில் கிடத்தியிருக்கும்போது, "சாப்பாடு எப்போ?" என்று உரக்கக் கேட்டான். பசி எல்லோருக்கும்தான் இருந்தது. பத்தாம் வகுப்பில் சிநேகிதர்கள் ஒவ்வொருவராக விலகிப் போனார்கள். சண்டை போட்டுக்கொண்டு அல்ல, வளர்ந்துகொண்டு. அவனைவிட மூன்று வயது சிறிய தம்பி ஒரு வருஷம் அவன் வகுப்புக்கு வந்துசேர்ந்தான், மறு வருஷம் தாண்டிப்போனான். அந்த ஒரு வருஷம் இரண்டு பேரும் ஒரே புத்தகத்தை வைத்துக்கொண்டு விளக்கடியில் உட்கார்ந்திருந்ததைப் பற்றி அக்கா இன்றுவரை பேச மாட்டாள்.

மூளையில் அடிபட்டவர் என்றதும் உலகம் ஃபினியஸ் கேஜைச் சொல்கிறது. 1848இல் அமெரிக்காவில் ரயில்பாதைக்குப் பாறை உடைத்துக்கொண்டிருந்த மேஸ்திரி. வெடியில் கிளம்பிய இரும்புக் கடப்பாரை கன்னத்தில் நுழைந்து உச்சியில் வெளியேறிற்று. பிழைத்தார், குணம் மாறிப்போயிற்று என்று அவருடைய டாக்டர் எழுதிவைத்தார். பாடப்புத்தகங்கள் அதோடு நிறுத்திவிடுகின்றன. அதற்குப் பிறகு அவர் சிலி நாட்டுக்குப் போய் ஏழு வருஷம் போல் குதிரை வண்டி ஓட்டினார். ஆறு குதிரைகளைக் கட்டி மேய்ப்பது நிதானமில்லாதவன் காரியமல்ல. ஒரே மாதிரியான வேலை, ஒரே பாதை, ஒரே நேரம் அவரைத் திரும்பக் கட்டியிருக்க வேண்டும். என் கவனம் போவது இன்னொரு வித்தியாசத்தின் மேல். கேஜுக்கு அப்போது இருபத்தைந்து வயது. 'பழைய கேஜ்' என்று ஒருவர் ஏற்கனவே இருந்தார். சிநேகிதர்கள் அவரோடு இவரை ஒப்பிட்டு, இவர் அவரல்ல என்று சொல்ல முடிந்தது. ஏழு வயதுக்காரனுக்கு யாரை வைத்து ஒப்பிடுவது? அவன் இன்னும் யாருமாக ஆகவில்லை. தொலைந்தவன் யார் என்று யாருக்கும் தெரியாது. அக்காவுக்கு மட்டும் ஒருவன் தெரிகிறான். எம்.ஐ.டி. வாசலில் சாயங்காலம் கும்பலாக வெளியே வரும் பையன்களைப் பார்க்கும்போதெல்லாம் அவள் முகம் ஒரு கணம் நிற்கும். அந்தக் கும்பலில் இல்லாத ஒருவனை அவள் இருபத்தைந்து வருஷமாக வளர்த்து வருகிறாள். வீட்டில் இருப்பவனுக்கும் சோறு போடுகிறாள்.

இங்கே நம் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சுயம் சிதறுவது, பிரக்ஞை துண்டுபடுவது, ஞாபகம் அழிவது இவையெல்லாம் நமக்கு வெகு நாளாகப் பிடித்த விஷயங்கள். நவீன மனிதனின் நிலைமை என்று இவற்றைச் சொல்லிவருகிறோம். மண்டை பிளப்பது நம் கவிதைகளில் அடிக்கடி நடக்கிறது; அடுத்த வரியில் அதற்குள்ளிருந்து பறவை பறக்கிறது. இதை ஆட்சேபிக்கும் உரிமை எனக்கு இருப்பதாகப் பாவித்து ஆட்சேபிக்கிறேன். நிஜமாகவே சுயம் சிதறினவனுக்குச் சிதறல் ஓர் அனுபவமாகக் கிடைப்பதில்லை. தன்னிடம் ஏதோ குறைந்திருக்கிறது என்று உணரும் இடமும் சேர்ந்தே அடிபட்டிருக்கிறது. சிதறலைப் பாடுவதற்குச் சிதறாத ஒருவன் வேண்டும். நம் கவிஞர்கள் எல்லோரும் சிதறாமல் இருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தோஷமே.

அவனுக்கு ஒரு நோட்டு உண்டு. சட்டைப் பையில் வைத்துக்கொள்கிற சின்ன நோட்டு. நரம்பியல் பிரிவில் ஒரு மனநல ஆலோசகர் பழக்கிவிட்டது. செய்ய வேண்டியதை எழுதுவான். செய்ததும் கோடு போட்டு அடிப்பான். பால், கரண்ட் பில், பாட்டிக்கு மாத்திரை. வருஷத்துக்கு நாலைந்து நோட்டு ஆகும். ஒரு நண்பர், பெயர் பெற்ற கவிஞர், அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பரவசமானார். இதிலிருந்து சில பக்கங்களைப் பத்திரிகையில் போடலாம் என்றார். போட முடியாது என்று சொல்லிவிட்டேன். அது கவிதையாக இருப்பதாலோ இல்லாததாலோ அல்ல. ஊன்றுகோலைப் பிடுங்கிக் கண்காட்சியில் வைக்கிற காரியம் அது. ஸ்டேஷன் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் பதினான்கு வருஷமாக வேலை செய்கிறான். அதே மிஷின், அதே மூலை, காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை. கடைக்காரர் மத்தியானத்துக்குமேல் இருக்கச் சொல்வதில்லை. எந்த டாக்டரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை, தானாகவே கண்டுகொண்டார்.

சட்டத்தில் அவன் எங்கே இருக்கிறான் என்று தேடிப் பார்த்தேன். 1995ஆம் வருஷ ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகைகளைச் சொல்லிற்று. 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொன்றாக்கியது. இருபத்தொன்றில் தலைக்காயம் என்று ஒன்று இல்லை. அமெரிக்காவில் 1990லேயே பள்ளிக் குழந்தைகளுக்கான சட்டத்தில் இதைத் தனி வகையாகச் சேர்த்துவிட்டார்கள். இங்கே அவன் வேறு ஏதாவதொரு பெயரின் கீழ் நுழைய வேண்டும். சான்றிதழுக்காக ஒரு அரசு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தோம். புத்திக்கூர்மைப் பரிசோதனையில் அவனுக்கு வந்த எண் ஊனத்தின் கோட்டுக்கு மேலே இருந்தது. பரிசோதிப்பவர் ஒரு அமைதியான அறையில், காலை பத்து மணிக்கு, ஒவ்வொரு கேள்வியாக, பொறுமையாகக் கேட்டார். அவனால் முடியாதவை அமைதியில்லாத அறை, மாலை நான்கு மணி, ஒரே சமயத்தில் இரண்டு கேள்வி. "நல்லாத்தானே பேசறார்?" என்று அக்காவிடம் கேட்டார்கள். நன்றாகத்தான் பேசுகிறான். கேள்வியும் சரி, பதிலும் சரி, 1998லிருந்து மாறவில்லை. பெற்றோருக்குப் பின் பாதுகாவலரை நியமிக்க 1999இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் நான்கு நிலைமைகளுக்கு மட்டுமானது. அதிலும் அவன் இல்லை. சட்டத்தின் கண்ணுக்கு அவன் முழு மனிதன். எங்கே காட்டினாலும் கையெழுத்துப் போடக்கூடியவன். ஒரு தடவை போட்டும்விட்டான், யாரோ வாங்கிய கடனுக்கு ஜாமீனாக. அத்தான் இரண்டு வருஷம் கட்டினார்.

2012 ஜூலை 25ஆம் தேதி தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில், பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி சாலையில் விழுந்து, அதே பேருந்தின் சக்கரத்தில் செத்துப்போனாள். உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அந்த வருஷமே பள்ளி வாகனங்களுக்கென்று தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. வேண்டியதுதான். ஒரு சாவுக்குத் தேதி இருக்கிறது, இடம் இருக்கிறது, ஒரு ஓட்டை இருக்கிறது; சட்டம் அதை அடைக்க முடியும். பிழைத்த குழந்தைக்கு நேர்வது பதினைந்து வருஷம் சிறுகச் சிறுக நேர்கிறது. அதற்கு எந்த நாளில் தலைப்புச் செய்தி போடுவது? 2021 டிசம்பரில், இதே ஜி.எஸ்.டி. ரோட்டில் மேல்மருவத்தூரில், சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் நாற்பத்தெட்டு மணிநேரம் கட்டணமில்லாமல் சிகிச்சை என்ற திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. அருமையான காரியம், எத்தனையோ தலைகள் பிழைக்கின்றன. நாற்பத்தொன்பதாவது மணியிலிருந்து அது அக்காக்களின் இலாகா.

2019இல் அவனுக்கு ஒரு வரன் வந்தது. கால்கட்டு போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் சொன்னார்கள். மாப்பிள்ளை பார்க்க லட்சணமாக இருந்தான், கெட்ட பழக்கம் கிடையாது, நிரந்தரமான வேலை. தலையில் அடிபட்ட விஷயத்தைச் சொல்ல வேண்டாம் என்று முடிவாயிற்று. பொய் சொல்லச் சொல்லவில்லை, பேசாமல் இருந்தால் போதும் என்றார்கள். பெண் வீட்டார் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது அக்கா, பெண்ணின் அம்மாவை மட்டும் சமையலறைக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். மாடி, பதினொரு நாள், மூக்கு, நோட்டு, மத்தியானம். ஒன்று விடாமல். அந்த அம்மாள் அக்காவின் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு வெளியே வந்தாள். அவர்கள் திரும்ப வரவில்லை. அத்தான் ஒரு மாதம் அக்காவோடு பேசவில்லை. "அந்தப் பொண்ணு தலையில என்ன எழுதியிருக்குன்னு நான் எழுதக்கூடாதுடா" என்றாள் என்னிடம். தலையெழுத்து என்ற சொல்லை அவள் உபயோகித்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அவனிடம் எவ்வளவு தூரம் இது போயிற்று என்று சொல்ல முடியாது. இரண்டு நாள் கழித்து, "மாமா, அவங்க கேசரி நல்லா இருக்குன்னு சொன்னாங்களா?" என்று கேட்டான். சொன்னார்கள் என்றேன். அது உண்மை.

அக்காவுக்கு இப்போது எழுபதாகப் போகிறது. போன தையில் ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள். அவன் நோட்டு அல்ல, அவளுடையது. 1998லிருந்து அவள் எழுதிவந்தது. அப்படி ஒன்று இருப்பது அத்தானுக்கே தெரியாது. எப்போது கத்துவான், என்ன சொன்னால் அடங்குவான், எந்தச் சத்தம் ஆகாது, எத்தனை வார்த்தைக்குமேல் ஒரே மூச்சில் சொல்லக்கூடாது, எந்தக் கடையில் பாக்கிச் சில்லறையைச் சரியாகத் தருவார்கள். "நீ எழுதறவன்தானே, இதை ஒழுங்கா ஒரு பிரதி எடுத்துக் குடு" என்றாள். "யாருக்குக்கா?" என்றேன். "தெரியல. யார் வராங்களோ அவங்களுக்கு." தம்பி வருவானோ, நான் இருப்பேனோ, சம்பளத்துக்கு ஓர் ஆளோ. எழுத்தைப் பற்றி நாற்பது வருஷமாகப் பேசி வந்திருக்கிறேன். முன்பின் தெரியாத ஒருவர் படித்து, படித்தபடி நடந்து, அதனால் ஒரு மனிதன் மத்தியானப்பொழுதைத் தாண்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுத எனக்கு இதுவரை வாய்த்ததில்லை. இந்தப் பிரதியில் இரண்டு அர்த்தம் கூடாது.

பாதி முடித்திருக்கிறேன். வேலை மெதுவாகத்தான் போகிறது. பழைய பக்கங்களை அவள் பல தடவை திருத்தியிருக்கிறாள். 2005ஆம் வருஷத்துப் பக்கங்களில் பல இடங்களில் 'கோபம்' என்று எழுதியிருக்கிறது. அந்தச் சொல்லை ஒவ்வொரு இடத்திலும் அடித்துவிட்டு, வேறு மையில், பிற்பாடு என்றைக்கோ, 'களைப்பு' என்று எழுதியிருக்கிறாள்.